மூத்திரம் போனானா என்று கேளுங்கள்



நூலகக் கூட்டத்தில் வயிற்றுப்போக்கைப் பற்றியா பேசுவது என்று முன்வரிசையில் ஒருவர் முகம் சுளிக்கிறார். பேசத்தான் வேண்டும், ஐயா. கம்பராமாயணம் அடுத்த மாதமும் இருக்கும்.

1971-ஆம் ஆண்டு. கிழக்கு வங்காளத்தில் போர். எல்லை தாண்டி லட்சக்கணக்கில் அகதிகள் வந்து குவிகிறார்கள். மேற்கு வங்கத்தின் பன்காவ் ஊரில் காலரா. கட்டில் போதாமல் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துகொண்டே வருகிறது. அங்கே போன மருத்துவர் திலீப் மகலனாபிஸ் என்ன செய்தார்? குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்தார். பீப்பாயில் ஊற்றிக் குழாய் வைத்தார். பிடித்துக் கொடுக்கும் வேலையை யாரிடம் ஒப்படைத்தார்? பெற்ற தாயிடம், கூட வந்த உறவுக்காரரிடம்! அதுவரை நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் மறைந்தார். மறு ஆண்டுதான் பத்ம விபூஷண் கொடுத்தோம். நாம் எப்போதுமே கொஞ்சம் தாமதம்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்து போனால், குடல் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதி நடக்கும்போதும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

ஆனால் ஒன்று. ஓ.ஆர்.எஸ். என்கிற இந்தக் கரைசல் பேதியை நிறுத்தாது. இங்கேதான் நம் வீடுகளில் தவறு நடக்கிறது. "ரெண்டு டம்ளர் குடிச்சான், இன்னும் போய்க்கிட்டுத்தானே இருக்கு" என்று தூக்கி வைத்துவிடுகிறோம். பேதி பெரும்பாலும் சில நாள் இருந்துவிட்டுப் போகும். பிள்ளையின் உயிரை எடுப்பது உடம்பில் தண்ணீர் வற்றுவது. ஆகவே எத்தனை முறை வெளிக்குப் போனான் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். மூத்திரம் போனானா என்று பாருங்கள். ஆறு மணி நேரமாக இல்லையென்றால், அழுதால் கண்ணீர் வரவில்லையென்றால், கண் குழிந்து, வாய் உலர்ந்து, கூப்பிட்டால் துவண்டு கிடந்தால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கலக்குவதிலும் கருமித்தனம் கூடாது. ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரித்தால் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கொட்டுங்கள். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்பது கணக்கில் சேராது. உப்பு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் பயனில்லை. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கடையில் பழப்படம் போட்ட டப்பாவில் விற்ற இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கினோமே, அந்தப் பெயரைப் போடக் கூடாதென்று 2025-இல்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. சர்க்கரை மிகுந்தால் பேதி கூடத்தான் செய்யும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, இட்லி, தயிர்ச்சோறு எதையும் நிறுத்தாதீர்கள். வயிற்றைக் காயப்போடுவது நோஞ்சான் பிள்ளையை இன்னும் நோஞ்சானாக்கும். கூடவே துத்தநாக மாத்திரை, டாக்டர் சொன்ன அளவில், 14 நாள். பேதி நின்றுவிட்டதென்று பாதியில் விடக் கூடாது. பெரியவர்கள் பேதியை நிறுத்தப் போடும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கஞ்சிக்கு நான் கும்பிடு போடுகிறேன். தொக்கம் எடுப்பதற்கும் குடல் தட்டுவதற்கும் போடமாட்டேன். கைக்குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை வயிற்றோடு மடக்கி, பிறகு சோர்ந்து, மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து வந்தால், அது குடலுக்குள் குடல் செருகிக்கொண்டதாக இருக்கலாம். அந்த வயிற்றைத் தட்டினால் என்ன ஆகும்? பச்சையாக வாந்தி எடுத்தாலும், வயிறு உப்பி மலம், காற்று எதுவும் பிரியாமல் போனாலும் தட்டாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கினால் குடல்வால் அழற்சியோ என்று சந்தேகியுங்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், வேறு அறிகுறியே வேண்டாம், புறப்படுங்கள்.

மலச்சிக்கலைப் பற்றி ஒரே வார்த்தை. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வரும் பெண் பிள்ளைக்கு வயிற்றுவலி வராமல் என்ன செய்யும்? அதற்கு மருந்து பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்பது. தலைமையாசிரியர்கள் வந்திருக்கிறீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குப் பேதியைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸுக்குத் தடுப்புச் சொட்டு மருந்து 6, 10, 14-ஆவது வாரங்களில் இலவசம். இந்தியாவிலேயே உருவான ரோட்டாவாக் மருந்தைச் சோதித்துப் பார்த்த மூன்று இடங்களில் நம் வேலூரும் ஒன்று. நம் ஊரில் சோதித்த மருந்தை நம் பிள்ளைக்குப் போடாமல் விடலாமா?

நாளைக் காலை அங்கன்வாடி திறந்ததும் போய், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு கேட்டு வாங்கி, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். இல்லையென்று சொன்னால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.