பிரிண்டின் பின்பக்கம்



பட்டமளிப்பு மேடைகளில் வழக்கமாக நீதிபதிகளும் விஞ்ஞானிகளும் பேசுவார்கள். இந்த வருடம் உங்கள் கவின்கலைக் கல்லூரி முதல்வர் ஒரு ஃபோட்டோகிராஃபரைக் கூப்பிட்டிருக்கிறார். நான் எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை. எடுக்கிற படங்களை பிரிண்ட் போட்டு விற்கிறேன். நோட்டுப் புத்தகம், காலண்டர், வாழ்த்து அட்டை, துணியில் நீல நிறப் பதிவு என்று கையால் சிலவற்றைச் செய்தும் விற்கிறேன். முகூர்த்த மாதங்களில் கல்யாணம் எடுக்கிறேன். இதில் எது உங்கள் உண்மையான தொழில் என்று சிலர் கேட்பார்கள். வாடகை கொடுக்க வேண்டிய தேதி எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதற்கான பதில் மாறும்.

கண்காட்சி ஸ்டாலில் அடிக்கடி நடப்பது ஒன்று. ஒருவர் வருவார், ஒரு பிரிண்ட் முன்னால் நிற்பார், ரசிப்பார். "அண்ணே, இதை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று மரியாதையாகவே கேட்பார். ஃபோனில் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஏனென்றால் அவர் கொண்டுபோவது படம். படம் இன்று இலவசம். எல்லோருடைய பையிலும் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. அவருக்குப் பின்னால் இன்னொருவர் வருவார். இவர் பிரிண்ட்டைக் கையில் எடுப்பார், ஓரத்தை விரலால் தடவுவார், திருப்பிப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார். வாங்கப்போவது இவர்தான். ஸ்டாலில் நின்றவர்களுக்கு இது தெரியும்: படத்தை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, பொருளைத்தான் வாங்குகிறார்கள்.

அப்படியானால் அந்தப் பொருளைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் தாத்தா பாட்டியின் கல்யாண ஃபோட்டோ வீட்டில் இருந்தால் இன்று போய்ப் பாருங்கள். பாதி வீடுகளில் அது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிக்கப் போனால் முகம் உரிந்து வரும். ஃபிரேம் கடைக்காரர் படத்தைக் கண்ணாடியில் படும்படி வைத்து, பின்னால் பழைய செய்தித்தாளும் பழுப்பு அட்டையும் கொடுத்து, ஆணி அடித்திருப்பார். கடற்கரை ஊர்களின் ஈரத்துக்கு அது போதும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஜன்னல் வெட்டிய மவுன்ட் அட்டை ஒன்று இருந்திருந்தால் அந்தச் சின்ன இடைவெளியிலேயே முகம் பிழைத்திருக்கும். அட்டை அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சில வருடங்களில் படத்தின் ஓரத்தில் மஞ்சள் ஏறும். பிரிண்ட்டை அட்டையில் முழுக்க ஒட்டக் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியக் காகிதத் துண்டுகளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் மழைக்காலத்தில் காகிதம் விரியவும் வெயில்காலத்தில் சுருங்கவும் இடம் இருக்கும். பருத்திக் காகிதமா மரக்கூழ்க் காகிதமா, நிறமி மையா சாய மையா என்று வாங்குகிறவர் கேட்க மாட்டார். பத்து வருடம் கழித்து அவர் வீட்டுச் சுவர் கேட்கும்.

பெரிய கலைஞர்களும் இப்படிப் பொருள் செய்தவர்கள்தான். அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டெஸ் என்ற சிற்றூருக்கு மேல் நிலா எழுவதை எடுத்தார். ஒரே நெகட்டிவ்தான். அதிலிருந்து வாழ்நாளில் அவர் தன் கையாலேயே 1,300-க்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டதாகச் சொல்கிறார்கள். ஆரம்ப கால பிரிண்ட்களில் வானத்தில் மேகம் சாம்பலாகத் தெரியும். பிற்கால பிரிண்ட்களில் வானம் கிட்டத்தட்ட முழுக்கறுப்பு. இளமையில் பியானோ கலைஞராக வர நினைத்தவர் அவர். ஒரே இசைக்குறிப்பை ஒவ்வொரு கச்சேரியிலும் புதிதாக வாசிப்பது அவருக்குப் புதிதில்லை. புகழ் வந்த பிறகும் பல வருடங்கள் கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் எடுத்துத்தான் குடும்பத்தை ஓட்டினார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்களில் சிலர் கல்யாண ஆல்பத்தைக் கேவலமாகப் பார்ப்பீர்கள்.

அந்தப் பார்வை எங்கிருந்து வருகிறதென்று எனக்குப் புரியவில்லை. சென்னைக் கலைக் கல்லூரியின் வரலாறே இதற்கு எதிராக இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. கைத்தொழிலும் ஓவியமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. மெட்ராஸில் ஃபோட்டோகிராஃபி காலூன்றியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் 1960-களில் கூடி, ஓவியம் விற்காத ஊரில் ஓவியர் எப்படிச் சாப்பிடுவது என்று யோசித்தார்கள். கைவினைச் சங்கம் ஒன்று அமைத்து பாத்திக் துணி, தோல், உலோகம், மண்பாண்டம் என்று செய்து விற்றார்கள். பகலில் கொஞ்ச நேரம் கைவினை, மீதி நேரம் சொந்த ஓவியம். பாத்திக் விற்ற காசு ஈஞ்சம்பாக்கத்தில் நிலமாயிற்று. 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அப்படித்தான் வந்தது. தென்னிந்திய நவீன ஓவியத்தின் பெரிய பெயர்கள் பலவற்றுக்கு வீடும் ஸ்டுடியோவும் கிடைத்தது மெழுகும் சாயமும் தோய்ந்த துணியால்.

இதே கதை பாரிஸிலும் உண்டு. அங்கே யூஜீன் அட்ஜே என்ற ஃபோட்டோகிராஃபர் தன் வீட்டுக் கதவில் "கலைஞர்களுக்கான ஆவணங்கள்" என்று பலகை மாட்டியிருந்தார். கதவைத் தட்டும் வளையம், இரும்புக் கிராதி, படிக்கட்டு, கடைமுகப்பு, வெறுந்தெரு என்று கண்ணாடித் தகடுகளில் எடுத்து ஓவியர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றார். 1920-இல் 2,600-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை பிரெஞ்சு அரசுக்கு 10,000 பிராங்குக்குக் கொடுத்தார். 1927-இல் இறந்தபோது அவரைக் கலைஞர் என்று சொன்னவர்கள் சிலரே.

நம் வீட்டுச் சுவர்களுக்கு பிரிண்ட் ஒன்றும் அந்நியமில்லை. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் கல்லச்சு ஓலியோகிராஃபாக வீடு வீடாக வந்தார்கள். எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்ததுதான். வாங்கியவர்கள் அதைச் சும்மா மாட்டவில்லை. படத்திலிருந்த புடவைமேல் நிஜத் துணி வெட்டி ஒட்டினார்கள், ஜரிகை வைத்தார்கள், நகைக்கு மேல் மணி கோத்தார்கள். அச்சான படம் ஒரு வீட்டுக்குப் போய் அந்த வீட்டுக்கே உரிய பொருளானது. இன்று பழம்பொருள் கடையில் அப்படி அலங்கரித்த படத்துக்குத் தனி மதிப்பு.

நான் துணியில் செய்யும் நீல நிறப் பதிவுக்கு சயனோடைப் என்று பெயர். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. மறு வருடமே அன்னா அட்கின்ஸ் இதைக் கொண்டு கடற்பாசிகளின் நிழல்களைப் பதிந்து புத்தகமாக வெளியிட ஆரம்பித்தார். ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்ற இரண்டு இரும்பு உப்புகளின் கரைசலைக் கலந்து, இருட்டறையில் துணியில் பூசி, காயவைத்து, மேலே நெகட்டிவையோ இலையையோ வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் ஆழ்ந்த நீலம் வரும். கேமராகூடத் தேவையில்லை. மொட்டைமாடியும் வெயிலும் போதும். இரண்டிலும் தமிழ்நாடு பணக்கார மாநிலம். ஆனால் இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. அதைத் துணிப்பையாக விற்றால் வாங்கியவர் சோப்புத்தூளில் ஊறவைப்பார், நீலம் மஞ்சளாகிப் போகும். அதனால் நான் அதை நோட்டுப் புத்தகத்தின் மேலட்டைக்குத்தான் பயன்படுத்துகிறேன். புத்தகத்தை யாரும் துவைப்பதில்லை.

வெயில் இலவசம்தான், ஆனால் காலண்டரோடு ஒத்துவராது. புத்தாண்டு நோட்டுக்கும் பொங்கல் வாழ்த்துக்கும் ஆர்டர் வருவது ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை பெய்வதும் அப்போதுதான். எனவே மார்கழியில் விற்க வேண்டிய நீலத்தைச் சித்திரையிலேயே அலசிக் காயவைத்துப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். காலண்டரும் அப்படித்தான். டிசம்பரில் காலண்டர் போடலாம் என்று யோசிப்பவர் அடுத்த வருடத்துக்கு யோசிக்கலாம். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே புது வருட மாதிரி ஆல்பம் வெளியாகிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஊரெல்லாம் ஃபோட்டோகிராஃபர்கள் சும்மா இருக்கும் அந்த இரண்டு மாதமும் எனக்குச் சொந்த வேலை ஓடும் மாதங்கள். பஞ்சாங்கம் தெரியாமல் இந்தத் தொழிலை நம் ஊரில் செய்ய முடியாது.

விலைக்கு வருகிறேன். கல்லூரியில் சொல்லித்தராத பாடம் அது. ஏ3 அளவு பிரிண்ட் ஒன்றுக்குக் காகிதமும் மையும் 400 ரூபாய், மவுன்ட் 250, கெட்டுப்போகும் பிரிண்ட்களின் பங்கு 100, உறையும் அட்டையும் 50 என்று வைத்துக்கொள்வோம். அசல் 800. நீங்கள் பெருந்தன்மையாக 1,500 என்று விலை எழுதுகிறீர்கள். கடைக்காரர் விற்றுத் தர ஒப்புக்கொண்டு பாதியைக் கமிஷனாக எடுக்கிறார். உங்கள் கைக்கு 750 வருகிறது. ஒவ்வொரு முறை உங்கள் படம் விற்கும்போதும் 50 ரூபாய் நஷ்டம், அதில் உங்கள் நேரத்துக்குக் கூலி போடவேயில்லை. படம் நிறைய விற்றால் சீக்கிரம் கடையை மூடலாம். கடையில் ஒரு விலை, உங்களிடம் நேரில் வந்தால் குறைந்த விலை என்றும் வைக்காதீர்கள். கடைக்காரருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

எண்ணிக்கை போட்டு விற்பதானால் 25 என்றால் 25தான். பின்பக்கம் பென்சிலால் 3/25 என்று எழுதி, கையெழுத்தும் வருடமும் போட்டுக் கொடுங்கள். 26-ஆவது கேட்டுப் பெரிய ஆள் வருவார். அவருக்கு வேறு படம் காட்டுங்கள்.

சட்டம் கொஞ்சம். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன ஃபோட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவரே. கல்யாணத்தில் எடுத்த மணப்பெண்ணின் அற்புதமான படத்தை நீங்கள் பிரிண்ட் போட்டு விற்க முடியாது. வேண்டுமானால் அட்வான்ஸ் வாங்கும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். நீங்களாகப் போய் எடுத்த படம் உங்களுடையது. இங்கே இருக்கும் ஓவிய, சிற்ப மாணவர்களுக்கு என்னைவிட ஒரு வசதி உண்டு. அவர்களது அசல் படைப்பு பிற்காலத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் கைமாறினால் பங்கு கேட்க 53ஏ பிரிவு வழிவிடுகிறது. ஃபோட்டோ அந்தப் பட்டியலில் இல்லை. யாராவது வழக்கறிஞரைக் கல்யாணம் செய்துகொண்டால் எங்களையும் நினைத்துப் பாருங்கள்.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் செய்யத்தக்கதும் இல்லை. காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவரை எடுத்தேன். நல்ல படம். பிரிண்ட் போட்டு விற்கலாமா என்று கேட்டேன். "என் மூஞ்சிய எவன் வூட்டுச் சுவத்துலயோ மாட்டி அவனுக்கு இன்னாய்யா ஆவப்போவுது?" என்றார். நான் படித்த கலை விமர்சனம் எதிலும் இதற்குப் பதில் இல்லை. அந்தப் படத்தை விற்பனையில் வைக்கவில்லை. அவருக்கு மட்டும் ஒரு பிரிண்ட் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அதன் பின்பக்கத்தில் யார் யார் எவ்வளவு பாக்கி என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். பருத்திக் காகிதத்தில் பென்சில் நன்றாகவே ஏறுகிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்க நினைக்கிறீர்கள். மாதக் கணக்கில் இந்தத் தொழிலுக்குப் பதில் கிடையாது. வருடக் கணக்கில் கேளுங்கள். தை மாதம் நிறைய வரும், அடுத்த ஆடியில் வாடகைக்குத் தடுமாறும். தையில் வந்ததை ஆடிக்கு எடுத்து வைக்கத் தெரிந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அது உங்கள் வீட்டில் கற்றிருக்க வேண்டிய பாடம், எங்கள் மேல் பழி போடாதீர்கள்.

விழா முடிந்ததும் வெளியே வராந்தாவில் ஒரு மேஜை போட்டிருக்கிறேன். கொஞ்சம் பிரிண்ட், கொஞ்சம் நீல நோட்டு. எல்லாவற்றின் பின்பக்கமும் விலை எழுதியிருக்கிறேன். வந்து பேரம் பேசுங்கள், முடிந்த மட்டும் அடித்துப் பேசுங்கள். நான் குறைக்க மாட்டேன். எப்படி மறுக்கிறேன் என்று மட்டும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். அடுத்த மாதம் உங்களிடம் ஒரு சித்தப்பா வந்து "நம்ம வீட்டுப் பிள்ளைதானே, சும்மா ஒரு படம் குடும்மா" என்று கேட்கும்போது பயன்படும்.