கண்ணறையும் கைப்பேசியும்



கைப்பேசி இல்லாத வீடு இற்றைத் தமிழகத்தில் அரிது. ஆடு மேய்ப்பார் மடியிலும் அஃது உண்டு. பூ விற்கும் மூதாட்டியின் கூடையிலும் உண்டு. ஆயின், அக்கருவியைச் சூழ்ந்து வழங்கும் சொற்கள் அதனை வைத்திருப்பார் பலர்க்கு விளங்காதவை. சிம், ஓடிபி, பின், நெட்வொர்க்கு என நாள்தோறும் நாவில் உருள்வனவெல்லாம் அவர்க்கு வெற்றொலிகளே. சொல்லின் பொருள் அறியாமை மொழிக்கு மட்டும் கேடு அன்று. வாழ்நாளெல்லாம் ஈட்டிய கைப்பொருளுக்கும் கேடாய் முடிகின்றது.

முதற்கண் 'செல்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. செல்லுமிடமெல்லாம் உடன் செல்வதால் அது செல்பேசி ஆயிற்று என்று கருதுவார் பலர். ஒலியொப்புமை தந்த இனிய மயக்கம் இது! ஆங்கிலச்சொல்லோ இலத்தீனத்துச் 'செல்லா' என்பதன் வழிவந்தது. சிற்றறை என்பது அதன் பொருள். தேனடையின் கண்ணறைக்கு ஆங்கிலர் வழங்கும் பெயரும் அதுவே. பேசுங்கருவிக்கும் தேனடைக்கும் யாது உறவு?

1946ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் உந்துவண்டிகளில் பொருத்திய தொலைபேசி முதன்முதல் வழக்கிற்கு வந்தது. கருவியின் எடை ஏறத்தாழ 36 கிலோ. நகர் முழுமைக்கும் கிடைத்த வானலைத் தடங்களோ மூன்றே. எனவே ஒரே வேளையில் மூவர்தாம் பேசலாம். நான்காமவர் காத்திருக்க வேண்டியதே. அலைவரிசைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை; விரும்பியவாறு பெருக்க இயலாதவை. இம்முட்டுப்பாட்டிற்குப் பெல் ஆய்வகத்தார் 1947இல் ஒரு வழி கண்டனர். ஓங்கிய ஒரே கோபுரத்தால் நகர் முழுவதையும் ஆள்வதை விடுத்து, நிலப்பரப்பைச் சிறுசிறு கண்ணறைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் ஆற்றல் குறைந்த சிறு கோபுரத்தை நிறுவுக; அடுத்தடுத்த கண்ணறைகட்கு வெவ்வேறு அலைவரிசை தருக; சற்றுத் தொலைவிலுள்ள கண்ணறைக்கு முதல் அலைவரிசையையே மீண்டும் தருக என்பது அது. ஒரே பெயர் கொண்ட இருவர் வேறு வேறு ஊரில் குழப்பமின்றி வாழ்வதுபோல், ஒரே அலைவரிசை பல கண்ணறைகளில் முட்டாமல் இயங்குகின்றது. வரைபடத்தில் இக்கண்ணறைகளை அறுகோணமாக வரைவர். அங்ஙனம் வரைந்தால் தேனடையே கண்முன் நிற்கும்.

பின்னர் 1973 ஏப்பிரல் 3ஆம் நாள் மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் நியூயார்க்குத் தெருவில் நின்று, கையில் ஏந்திய கருவியால், போட்டியாளரான பெல் ஆய்வகத்தின் சோயல் எங்கலை அழைத்தார். இந்திய மண்ணில் அவ்வழைப்பு 1995 சூலை 31இல் ஒலித்தது; கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் சோதிபாசு, தில்லியிலிருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமிடம் பேசினார்.

கண்ணறை விளங்கின் ஏனையவும் விளங்கும். பேருந்தில் போகையில் பேச்சு அறாமைக்குக் காரணம், ஒரு கோபுரம் அழைப்பை அடுத்த கோபுரத்திடம் கைமாற்றுவதே. மலையடிவாரத்தில் மின்கலம் விரைந்து வற்றுவதும் இதனாலேயே: கோபுரம் எட்ட இருப்பின் கருவி உரக்கக் கூவவேண்டியுள்ளது!

தமிழ்ப்பெயர்களுள் கைப்பேசி இருக்குமிடத்தையும், அலைபேசி இயங்குமுறையையும் காட்டுவன. ஈழத்தார் கையடக்கத் தொலைபேசி என்பர். யாவும் தக்கனவே. ஆயின் 'புளூடூத்து' என்பதை 'நீலப்பல்' என்று பெயர்த்து மகிழ்வது நகைப்பிற்குரியது. பத்தாம் நூற்றாண்டின் தென்மார்க்கு வேந்தன் ஆரால்டின் பட்டப்பெயர் அது. கருவிகளை இணைக்கும் பணியை அச்சொல் உணர்த்துவதே இல்லை. பணியை நோக்கி 'ஊடலை' எனப் புனைந்தாரே சொல்லாக்கம் அறிந்தார்.

இனிப் பொருளிழப்பிற்கு வருவோர் கதை. 'சிம்' என்பது ஒரு சொல்லே அன்று; 'இவர் இன்ன உறுப்பினர் என அடையாளங்காட்டும் கூறு' எனப் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டு. அவ்வட்டையினுள் ஓர் அடையாள எண்ணும் ஒரு மறைதிறவும் உள. நிறுவனம் ஓர் எண்ணை அனுப்பி வினவும். அட்டை தன் மறைதிறவால் கணக்கிட்டு விடை அனுப்பும். விடை பொருந்தினால்தான் வாயில் திறக்கும். மறைதிறவு ஒருபோதும் வானில் ஏறுவதில்லை. எனவே அட்டை வெறும் தகடு அன்று. அஃது ஆளின் கையொப்பம். ஏமாற்றுவோர் ஒருவர் பெயரில் மாற்றட்டை வாங்கிவிடின் பழைய அட்டை செத்துவிடும். வங்கிச் செய்திகள் அனைத்தும் கள்வன் கைக்குப் போகும். நன்கியங்கிய இடத்திலேயே குறிகை திடுமென அற்று நெடுநேரம் மீளாதாயின், அதனைக் கோபுரக் கோளாறு என்று வாளா இருத்தல் கூடாது. வேறு கருவியால் நிறுவனத்தையும் வங்கியையும் உடனே வினவுதல் வேண்டும்.

'ஓடிபி' என்பதை 'ஒருமுறைக் கடவுச்சொல்' என்று சொன்ன அளவிலேயே பாதி விளங்கும். கடவு என்பது வழி. ஒரே ஒருமுறை, சில மணித்துளிகட்கு மட்டும், வங்கிக் கணக்கினுள் புக வழிவிடும் சொல் அது. 'அம்மா, உங்கட்கு வந்த ஆறு எண்களைச் சொல்லுங்கள்' என்று கேட்பவனிடம் அதனைச் சொல்லுதல், வீட்டுத் திறவுகோலைச் சாளரத்தின் வழியே நீட்டுதல் ஆகும். 'பின்' என்பதும் அத்தகையதே. யூபிஐ எனப்படும் பணப்பரிமாற்ற முறையில் பணம் வெளியேறுவதற்கே அவ்வெண் வேண்டும். உள்ளே வருவதற்கு வேண்டா. 'பரிசுப்பணம் வந்துள்ளது, பெறுவதற்கு எண்ணை அழுத்துக' என்று எவன் கூறினும் அவன் பொய்யன். இவ்வொரு செய்தியைத் தெருவிலுள்ள முதியோர் ஒவ்வொருவர்க்கும் நல்ல தமிழில் உரைப்பது, படித்த இளைஞர் கடன்.

திருடன் சிம் அட்டையைக் கழற்றி எறியலாம்; கருவிக்கே உரிய 15 இலக்க அடையாள எண் அதனோடு போவதில்லை. உடுக்குறி, கட்டக்குறி, 06, மீண்டும் கட்டக்குறி என அழுத்தின் அவ்வெண் திரையில் தோன்றும். அதனை வீட்டுக் குறிப்பேட்டில் எழுதிவைக்க. பணம் பறிபோயின் அழைக்கவேண்டிய அரசு எண் 1930; அதனையும் அப்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதுக.