வாடகை வீட்டின் குறையை முதலில் சொல்லுங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கொல்லிமலை குடும்பச் சுற்றுலாவில், இரண்டாம் நாள் மாலை செம்மேட்டில் பேசியதன் எழுத்து வடிவம். சுற்றுலாவுக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியாகிறது.)



நேற்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்தோம். இன்று காலை ஆகாய கங்கைக்குப் படியிறங்கி, மறுபடி ஏறியும் வந்தோம். எல்லோருக்கும் முழங்கால் வலி இருக்கும். ஆகவே டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் குடியிருப்பில் இப்போது ஐந்து பிளாட்டுகள் காலியாக இருக்கின்றன. அதில் ஒன்று எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. "வாடகைக்கு ஆள் பிடிப்பது எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று செயலாளர் கேட்டார். நான் வியாபாரி இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த மலையில் இரண்டு வருடம் இதே வேலையைப் பார்த்தேன். அங்கே செய்த தவறையும் கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன். உங்களுக்குப் பயன்படலாம்.

நான் வேலை பார்த்த கிளையில் இந்த மலையைச் சேர்ந்த விவசாயி ஒருவர் வாடிக்கையாளர். காபியும் மிளகும் வைத்திருப்பவர். தன் தோட்டத்தின் ஓரத்தில் மூன்று சிறிய வீடுகள் கட்டி, சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டார். கட்டியது கடனில். நான் ஓய்வு பெற்ற பிறகு, "சார், கணக்கு மட்டும் வந்து பாருங்க" என்றார். கணக்குப் பார்க்கப் போனவன், ஆறு மாதத்தில் நிர்வாகமே பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் டீம் என்பது நான்கு பேர். போன் எடுத்து புக்கிங் போடும் பையன், சமையல் அக்கா, அறை சுத்தம் செய்யும் அம்மா, ஜீப் ஓட்டும் தம்பி. நால்வரும் பக்கத்து ஊர்க்காரர்கள்தான்.

வங்கியில் மார்ச் மாதம் வந்தால் டெபாசிட் இலக்கு என்று ஒன்று வரும். அதே பழக்கத்தில் இங்கேயும் ஒரு இலக்கு வைத்தேன். ஒரு புக்கிங்குக்கு போன் எடுக்கும் பையனுக்கு 200 ரூபாய். சுவரில் ஒரு போர்டு மாட்டி, மாதம் எத்தனை புக்கிங் என்று எழுதினேன். முதல் இரண்டு மாதம் போர்டு நன்றாகவே நிரம்பியது. ஊக்கம் கொடுத்துவிட்டேன் என்று எனக்கும் பெருமை.

ஆனால் பின்கட்டில் வேறு கதை நடந்தது. மழைக்காலத்தில் இங்கே துணி காயாது என்பது உங்களுக்கு நேற்றே தெரிந்திருக்கும். ஒரு குடும்பம் 11 மணிக்குக் காலி செய்தால், 12 மணிக்கு அடுத்த குடும்பத்துக்குப் பையன் நேரம் கொடுத்துவிடுவான். "சார், போர்வை ஈரமா இருக்கு, எப்படிப் போடறது?" என்று அந்த அம்மா கேட்பார். "ராத்திரி 10 மணிக்கு வந்து நாட்டுக்கோழி கேக்கறாங்க. யாரு சொன்னது கிடைக்கும்னு?" என்று அக்கா கேட்பார். சொன்னது பையன், திட்டு வாங்கியது இவர்கள். 200 ரூபாய் அவனுக்கு, வசவு இவர்களுக்கு. நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் மகன் குடும்பத்தோடு வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. மறைந்த கணவரோடு முன்பு ஒருமுறை பார்த்த ஆகாய கங்கையை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஆசை. போனில் அவர், "எனக்கு முட்டி வலி, நடக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். பையன், "பக்கத்துலதாம்மா, தாராளமா போகலாம்" என்று சொல்லி புக்கிங் போட்டுவிட்டான். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் என்பதைச் சொல்லவில்லை. அந்த அம்மா அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம், படி தொடங்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் போய்த் திரும்பும்வரை அங்கேயே இருந்தார்.

மாலையில் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கோயிலை மட்டும் நினைச்சுக்கிட்டு வந்திருப்பேன் தம்பி" என்றார்.

ஒரு நாள் வாடகையைத் திருப்பிக் கொடுத்தேன். பையனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் கண் கலங்கி, "புக்கிங் வந்தாத்தானே சார் எனக்குக் காசு?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பொய் சொன்னது அவன்தான். ஆனால் அந்தப் பொய்க்கு 200 ரூபாய் விலை வைத்தது நான்.

அன்று இரவு எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1994-இல் ஒரு சிறிய ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, வீட்டுக்காரர் "24 மணி நேரமும் தண்ணீர்" என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கினார். குடி போன பிறகுதான் தெரிந்தது, இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் மோட்டார் போடுவார் என்று. கைக்குழந்தையோடு என் மனைவி தெருக்குழாயில் குடம் பிடித்தாள். பதினோரு மாதம் முடிந்த அன்றே காலி செய்தோம். தண்ணீர் கஷ்டத்தை முதலிலேயே சொல்லியிருந்தால், டிரம் வாங்கி வைத்துச் சமாளித்து, அங்கேயே மூன்று வருடம் இருந்திருப்போம். அந்த வீட்டுக்காரர் செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் போர்டைக் கழற்றினேன். நால்வரையும் உட்கார வைத்து, "நம்ம வீட்டுல என்னென்ன குறை?" என்று கேட்டேன். முதலில் யாரும் பேசவில்லை. பிறகு அந்த சுத்தம் செய்யும் அம்மா ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் நிரம்பியது. அதையே விளம்பரமாக எழுதினோம். ஏறத்தாழ இப்படி:

"70 வளைவுகள் ஏறி வர வேண்டும், வாந்தி வருபவர்கள் காலியான வயிற்றோடும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள் உண்டு. காற்று மழையில் மின்சாரம் போகும். செல்போன் சிக்னல் ஒரு மூலையில்தான் கிடைக்கும். இரவு 8 மணிக்குள் சாப்பாடு சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்தில் அறை 2 மணிக்குத்தான் தயாராகும். இதெல்லாம் சம்மதம் என்றால் வாருங்கள். சுடுதண்ணீரும் சூடான சாப்பாடும் அமைதியும் நிச்சயம்."

உரிமையாளர் படித்துவிட்டு, "சார், குறையை நாமே சொல்லிட்டா யாரு வருவாங்க?" என்றார். அவர் பயம் நியாயமானது. கடன் அவர் பெயரில் இருந்தது. முதல் இரண்டு மாதம் அழைப்புகள் குறைந்தன. ஒரு தவணை தாமதமானது. எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் வந்தவர்கள் சண்டை போடவில்லை. பணம் திருப்பிக் கொடுப்பது நின்றது. "அம்மா கோயில்ல இருக்கட்டும், நாங்க மட்டும் இறங்கறோம், ஜீப் கிடைக்குமா?" என்று முன்கூட்டியே கேட்டு வந்தார்கள். போனவர்கள் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள். ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழாவுக்கு இங்கே கூட்டம் தானாக வரும். அப்போது யார் வேண்டுமானாலும் அறையை நிரப்பலாம். எங்கள் விளம்பரம் வேலை செய்தது என்று நான் நம்பியது, விடுமுறை இல்லாத நாட்களிலும் ஆள் வந்தபோதுதான்.

டீமுக்கு மூன்று மாற்றங்கள் செய்தோம்.

ஒன்று, அந்த 200 ரூபாய் இனி ஒருவருக்கு இல்லை. தங்கியவர் மனக்குறை இல்லாமல் போனால் உண்டியலில் விழும். மாதம் முதல் தேதி நால்வருக்கும் சமபங்கு. பையனுக்கு இதில் நஷ்டம் என்பதால் சம்பளத்தில் 1,500 ரூபாய் கூட்டினோம். அதைச் செய்யாமல் நியாயம் பேசியிருந்தால் அவன் போயிருப்பான்.

இரண்டு, அறை தயார் என்று சுத்தம் செய்யும் அம்மா சொன்ன பிறகுதான் சாவி. நானே கேட்டாலும் சாவி வராது. இந்த ஒரு அதிகாரம் கொடுத்த பிறகு அவர் நடையே மாறியது.

மூன்று, விருந்தினருக்கு ஏதாவது குறை என்றால், என்னைக் கேட்காமலே 500 ரூபாய் வரை நால்வரில் யாரும் செலவு செய்யலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ரிட்ஸ் கார்ல்டன் என்ற பெரிய ஹோட்டல் நிறுவனத்தில் ஒரு ஊழியர் மேலாளரைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவழித்து விருந்தினரின் குறையைத் தீர்க்கலாம் என்பது பிரபலமான வழக்கம். நம் தகுதிக்கு 500 ரூபாய். அந்தப் பணத்தை அவர்கள் வீணடிக்கவே இல்லை. பெரும்பாலும் ஒரு பிளாஸ்க் சுக்குக் காபியிலேயே விஷயம் முடிந்துவிடும்.

இப்போது நம் குடியிருப்புக்கு வருகிறேன்.

நமக்கும் ஒரு டீம் இருக்கிறது. வீடு தேடி வருபவர் முதலில் பார்ப்பது உரிமையாளரை இல்லை. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனை. பிறகு பெருக்கும் அக்காவை, பிளம்பரை. நம்மில் சிலர் செக்யூரிட்டிக்கு அரை மாத வாடகை தருவதாகச் சொல்லியிருக்கிறோம். சிலர் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அவர் சிலருடைய பிளாட்டை மட்டும் காட்டுகிறார். அவர்மேல் கோபப்பட வேண்டாம். நான் வைத்த போர்டு மாதிரிதான் இதுவும்.

தண்ணீரைப் பற்றி "பிரச்சனையே இல்லை" என்கிறோம். நம் போர் தண்ணீர் உப்பு. கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். அந்தச் செலவு மெயின்டனன்ஸில் ஏறுகிறது. வந்த பிறகு தெரிந்துகொள்பவர் ஆறு மாதத்தில் போகிறார். மறுபடி வெள்ளையடிப்பு, மறுபடி டு லெட் போர்டு.

வாடகை விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. 12,000 ரூபாய்க்கு ஒருவர் வருகிறார். நாம் 13,000 எதிர்பார்த்து மூன்று மாதம் பூட்டி வைக்கிறோம். நஷ்டம் 36,000. கூடுதலாகக் கிடைக்கும் 1,000 ரூபாயில் அதை மீட்க 36 மாதம், அதாவது மூன்று வருடம். பூட்டிய வீட்டுக்கும் மெயின்டனன்ஸ் கட்ட வேண்டும் என்பதை இதில் சேர்க்கவே இல்லை. எட்டு மாதம் பூட்டியவர் கணக்கை அவரே போட்டுக்கொள்ளட்டும்.

படம் எடுப்பதில் சோம்பல் வேண்டாம். இன்று உலகம் முழுவதும் வீடுகளை வாடகைக்குக் காட்டும் ஏர்பிஎன்பி நிறுவனத்துக்கு 2009-இல் நியூயார்க்கில் வியாபாரம் ஓடவில்லை. நிறுவனர்களே கேமராவை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாகப் போய் நல்ல படம் எடுத்துப் போட்ட பிறகுதான் வருமானம் ஏறத் தொடங்கியது. நமக்கு நம் செல்போனே போதும். காலை வெளிச்சத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து எடுங்கள். சமையலறை, குளியலறை, வண்டி நிறுத்தும் இடம் மூன்றும் கட்டாயம். சுவரில் ஓதம் இருந்தால் அதற்கும் ஒரு படம். அல்லது முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "11 மாதம் போட்டால் பதிவே வேண்டாம்" என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். அது பழைய கணக்கு. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை மாதமானாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது. சண்டை என்று வந்தாலும் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. ஆள் குடியிருக்கும் வீட்டை அடுத்தவருக்குக் காட்டப் போகும்போது 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் கோரிக்கை இவ்வளவுதான்.

1. காலியாக உள்ள எல்லா பிளாட்டுகளுக்கும் ஒரே பட்டியல். வாடகை, முன்பணம், மெயின்டனன்ஸ், தண்ணீர் நிலை, வீட்டின் குறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். செக்யூரிட்டி அறையிலும் நம் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே தாள்.

2. தனித்தனி கமிஷன் வேண்டாம். உரிமையாளர் தரும் தொகை பொது உண்டியலில் விழட்டும். பாதி, ஆள் குடிவந்ததும். பாதி, மூன்று மாதம் குறையில்லாமல் கழிந்ததும். செக்யூரிட்டி, பெருக்கும் அக்கா, பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் பங்கு. இதனால் வருமானம் குறையும் செக்யூரிட்டி அண்ணனுக்குச் சம்பளத்தில் ஈடு செய்ய வேண்டும்.

3. பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் "வீடு தயார்" என்று கையெழுத்துப் போட்ட பிறகே சாவி.

இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். "உப்புத் தண்ணீர் என்று நாமே எழுதினால் பிளாட் விலை இறங்கிவிடும்" என்று ஒருவர் நேற்று பஸ்ஸிலேயே சொன்னார். இறங்கலாம். ஆனால் தண்ணீர் உப்பு என்பது குடிவந்த முதல் வாரமே பக்கெட்டில் தெரிந்துவிடும். நாம் சொல்லித் தெரிந்தவர் வாட்டர் பில்டர் மாட்டிக்கொண்டு இருப்பார். தானே கண்டுபிடித்தவர் வேறு வீடு தேடுவார்.

அந்த ஆசிரியை அம்மா மறுபடி வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. இன்று காலை நம்மில் நான்கு பேர் படி இறங்காமல் கோயிலிலேயே இருந்தார்கள். புறப்படும் முன்பே படியின் கணக்கைச் சொல்லிவிட்டதால் புத்தகமும் பிளாஸ்க்கும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். திரும்பி வந்தபோது நம்மைவிட அவர்கள்தான் சந்தோஷமாக இருந்தார்கள்.

டீ எடுத்துக்கொள்ளுங்கள்.