தோண்டுற எலி, பிடிச்சு வைக்கிற புல்

இன்னைக்கு ரெண்டு பேரைப் பக்கத்துல பக்கத்துல நிக்க வைக்கப் போறேன். ஒருத்தர் வெள்ளெலி. இன்னொருத்தர் ராவணன் மீசை. பேரைக் கேட்டு பயப்படாதீங்க, அது கடற்கரையில வளர்ற ஒரு புல்.

சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினா, மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவுல அனுப்பம்பட்டு வரும். அங்கிருந்து வடகிழக்கா போனா வயல்காடு, அப்புறம் பழவேற்காடு ஏரி, மீனவர் கிராமங்கள், கடைசியா மணல்மேடு, கடல். எலி வயல்காட்டு ஆள், புல் மணல்மேட்டு ஆள்.

ரெண்டு பேருக்கும் எதிரி ஒண்ணுதான்: வெயில். வெள்ளெலி பகல்ல வளைக்குள்ள போய், வாசலை மண்ணால அடைச்சுக்கும். வெளியே கொதிச்சாலும் உள்ளே குளுகுளுன்னு இருக்கும். ராத்திரிதான் விதை, வேர், பூச்சின்னு தேடி வெளியே வரும். புல்லால ஓடி ஒளிய முடியாது. அதனால மணல் மேலேயே தண்டை நீளமா ஓட விட்டு, கணுவுக்குக் கணு வேர் விடும். காத்து மணலைக் கொட்டி மூடினா, அதுக்கும் மேல ஏறி வளரும்.

இடம் மாறணும்னா எலிக்குக் கால் இருக்கு. புல் காத்தை நம்பியிருக்கு. இதுல ஆண் செடி வேற, பெண் செடி வேற. பெண் செடியோட முள்ளுமுள்ளான விதைப்பந்து கழண்டு, கரையெல்லாம் உருண்டு ஓடி விதையைத் தூவும்.

மனுஷங்க இவங்களை எப்படிப் பாக்குறாங்க? எலிக்கு ரொம்ப நாளா கெட்ட பேர்தான். 1972 வனவிலங்குச் சட்டம் எலியைக் காக்காவோட சேர்த்து 'தீங்கு செய்யும் உயிர்' பட்டியல்ல வெச்சது. 2022 திருத்தத்துலதான் அந்தப் பட்டியலே போச்சு. ஆனா இருளர் மக்களுக்கு வெள்ளெலி உணவு. வளையைப் பாத்தே உள்ளே ஆள் இருக்கா இல்லையான்னு சொல்ற அறிவு அவங்களோடது.

புல்லுக்குக் கெட்ட பேர்கூட கிடைக்கல. குத்துற புதர்னு புல்டோசர் வெச்சுத் தள்ளிடுறாங்க. கடற்கரை ஒழுங்குமுறை விதிகள்ல மணல்மேடு பாதுகாக்கப்பட்ட இடம். ஆனா அந்த மேட்டைக் கட்டுறதே இந்தப் புல்தான். பறந்து வர்ற மணலை இலையில தடுத்து, வேரால பிடிச்சு வைக்குது. புல் போனா மேடு கரையும், மேடு கரைஞ்சா புயல்ல அலை நேரா குப்பத்துக்குள்ள வரும்.

எலி போட்ட ஓட்டையை அடுத்த மழை மூடிடும். நாம தோண்டுறதை மூட யாரும் வர மாட்டாங்க. அடுத்த தடவை பழவேற்காடு போனா, பறவையைப் பாருங்க, மீனும் சாப்பிடுங்க. அந்தப் புல்லை மட்டும் மிதிக்காம சுத்திப் போங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.