சுமை இறக்க ஒரு கல்

இப்போது நினைவுத் தோட்டம் என்றாலே எல்லா ஊரிலும் ஒரே அச்சுதான். கொரியன் புல், கத்தரித்த டுரண்டா வேலி, நடுவில் கலர் விளக்கு போட்ட நீரூற்று, புல்லில் கால் வைக்காதீர் என்று ஒரு பலகை. துக்கத்தோடு வருகிறவரை வாசலிலேயே விரட்டுகிற பலகை அது. தோட்டம் போடுவது என் பிழைப்பு. அந்த எரிச்சலில்தான் பேசுகிறேன்.

சுமைதாங்கியைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணுக்காக வீட்டார் பாதையோரம் நட்டுவைத்தது. இரண்டு கல் நிற்கும், ஒரு கல் குறுக்கே கிடக்கும். அவ்வளவுதான். அதன் உயரத்தைப் பாருங்கள்: நிற்கிற ஆளின் தோள் மட்டம். தலைச்சுமையோடு வருகிறவர் குனிய வேண்டாம், இறக்கிவிட இன்னொரு ஆள் வேண்டாம். லேசாகச் சாய்ந்தால் சுமை கல்லுக்குப் போய்விடும். அவள் இறக்க முடியாமல் போனதை ஊரார் தினமும் இறக்கிவைத்தார்கள். உயரம்தான் விஷயம், நேயர்களே, உயரம்தான். ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் அது வெறும் கல்.

கயத்தாற்றில், 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில், வழிப்போக்கர் ஆளுக்கொரு கல் போட்டுப் போனதில் குவியலே சேர்ந்திருந்தது என்பார்கள். சிவாஜி கணேசன் வைத்த சிலை பிற்பாடு வந்தது. எனக்கென்னவோ குவியல்தான் உசத்தி. வந்தவர் கைக்கு ஒரு வேலை இருந்ததல்லவா!

அதைத்தான் திரும்பச் சொல்கிறேன்: வந்தவர் கைக்கு வேலை கொடுங்கள். சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்க் கரையில், ஒரு வீட்டார் தாயாருக்காகத் தோட்டம் கேட்டார்கள். மூத்தவர் நீரூற்று வேண்டும் என்றார். ‘கால்வாயே ஓடுது, நீரூற்று எதுக்கு அண்ணாச்சி?’ என்றேன். கரையில் மருதம் வைத்தேன். தாமிரபரணித் தண்ணீர் பாயும் இடத்துக்கு அதைவிட உரிய மரம் கிடையாது. கல்திண்ணையின் மேல் கவியும்படி ஒரு பவளமல்லி. ராத்திரி பூத்து, விடியும்போது உதிர்ந்துவிடும். காலையில் வருகிறவர் பூவைக் கையால் ஒதுக்கித்தான் உட்கார வேண்டும். அந்த ஒதுக்கலுக்காகவே அதை அங்கே வைத்தேன். பெயர்ப்பலகை மட்டும் கிரானைட்டில், தங்க எழுத்தில்தான் வைப்போம் என்றார்கள். போகட்டும்.

இடம் சின்னதென்றால் மருதம் வேண்டாம், பவளமல்லி போதும். தரையில் சிமெண்டுக் கல் பாவாதீர்கள். ஒரு குடமும் வாரியலும் அங்கேயே கிடக்கட்டும், வருகிறவர் எடுத்துக்கொள்வார். கூலிக்கு ஆள் வைத்துத்தான் பெருக்குவோம் என்பவர்கள் வேறு தோட்டக்காரரைப் பாருங்கள்.