இடாப்பில் இல்லாத பெயர்கள்



சென்ற தவணையில் என் தமக்கையின் மகள் கொப்பியும் கையுமாக வந்து நின்றாள். "மாமா, எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தின்ர வரலாறு எழுதச் சொன்னவை. எப்ப தொடங்கினது?" நானோ பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன், இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கிறவன். "வாசலில் பெயர்ப்பலகை இருக்கும். ஆண்டைப் பார்த்து எழுது" என்றேன். அடுப்படியில் இருந்த என் தாயாருக்கு அது பொறுக்கவில்லை. "பலகை நட முந்திப் பிள்ளையள் படிக்கேல்லையோ, தம்பி?" என்றார்.

அந்தக் கேள்வியே இன்றைய பேச்சின் பொருள்.

எங்கள் ஊர் வற்றாப்பளை. கண்ணகை அம்மன் கோயிலால் பெயர்பெற்ற ஊர். மதுரையை எரித்தபின் ஈழத்துக்கு வந்த கண்ணகி தங்கிய பத்தாவது இடம் என்பதால் 'பத்தாப்பளை' என வழங்கி, வற்றாப்பளை ஆயிற்று என்பர். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்கள்முன் அம்மன் ஒரு முதியவளாய்த் தோன்றினாளாம். அவள் சொற்படி அவர்கள் கடல்நீரில் விளக்கேற்றினார்களாம். இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் என் ஆசிரியப் புத்தி குறுக்கே வரும். அச்சிறுவர்களை இன்று கண்டால் பள்ளிக்கு வராதோர் பட்டியலில் அல்லவா சேர்த்துவிடுவோம்!

ஆயினும் எழுத்தறியாமை கல்வியின்மை ஆகாது. முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்தை விடியவிடிய ஆடியவர்களில் கையெழுத்து வைக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அண்ணாவியார் சொல்லக் கேட்டே பாட்டையும் ஆட்டத்தையும் நெஞ்சில் நிறுத்தினார்கள். அதையும் ஒரு பள்ளிக்கூடம் என்றே நான் கொள்வேன். எந்தத் திணைக்களமும் அதற்கு இலக்கம் கொடுக்கவில்லை.

குடாநாட்டுக் கல்வியின் கதை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்க மிஷனார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறியைத் தொடங்கினர். நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்; பிள்ளைகளுக்குப் பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிட்டார். 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்ற, 'இந்து போட்' இராசரத்தினம் ஊரூராகச் சைவப் பாடசாலைகளை எழுப்பினார். வன்னிக்கு எல்லாம் பிந்தியே வந்தன. காடும் மலேரியாவும் ஊருக்கு ஊர் இருந்த தூரமும் சும்மா விடுமா? 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. பழைய பாடசாலைக்குக் காணி கொடுத்தவர் யார், கிடுகு கொடுத்தவர் யார் என்பதும் மெல்ல மெல்ல மறந்துபோயிற்று.

என் தாயாருக்கு மறக்கவில்லை. அவருடைய பள்ளிக்கூடம் ஒரு கிடுகுக் கொட்டில். மேய்ச்சல் கூரையில் ஓட்டை விழுந்தால் தகப்பன்மார் வந்து வேய்ந்து கொடுப்பார்கள். குடாநாட்டிலிருந்து வந்த வாத்தியார் ஒரு வீட்டு விறாந்தையில் தங்கியிருந்தார். மாரியில் வெள்ளம் நின்றால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவாராம். விதைப்புக்கும் அரிவிவெட்டுக்கும் வாங்குகள் வெறுமையாகும். "அப்பவும் வாத்தியார் இடாப்பைக் கூப்பிடுவார். வராத பிள்ளையின்ர பேரையும் ஒருக்காச் சொல்லிப் போட்டுத்தான் மூடுவார்" என்றார் தாயார்.

அந்த இடாப்பைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. சனம் வன்னிக்கு வர, எங்கள் பாடசாலைகள் காலை, மாலை என இரு நேரமாக நடந்தன. இடம் போதாத வகுப்புகள் மரநிழலுக்குப் போயின. அப்போது எனக்குச் சாதாரணதரப் பரீட்சை வயது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, இரவில் ஜாம் போத்தல் விளக்கு. என் பக்கத்தில் ஒரு பெடியன் வந்திருந்தான். கணக்கில் புலி. இடாப்பில் அவனுடைய பெயர் கடைசி வரியில், வேறொரு பேனை மையில் எழுதப்பட்டிருந்தது. அந்த மையின் நிறம் நினைவிருக்கிறது. பெயர் நினைவில்லை.

2009இல் ஊர் முழுவதும் வெளியேறியது. பிள்ளைகள் செட்டிகுளம் முகாம்களில் கூடாரத்துக்குள் படித்தார்கள். திரும்பி வந்தபின் கட்டடங்கள் எழுந்தன, தளபாடங்களும் வந்தன. நான் தேடிய அந்த ஆண்டு இடாப்பு கிடைக்கவில்லை. சம்பவத் திரட்டுப் புத்தகமும் இல்லை. திரும்பி வராத என் வகுப்புத் தோழர் சிலரின் பெயர், அவர்கள் பெற்றோருக்கு வெளியே எழுத்தில் இருந்தது அந்த ஒரு கொப்பியில்தான்.

நேயர்களே, உங்கள் ஊரிலும் எழுபது, எண்பது வயதுக்காரர் இருப்பார்கள். கட்டடம் திறந்த திகதியை அவர்களிடம் கேட்க வேண்டாம். பக்கத்தில் யார் இருந்தது என்று கேளுங்கள். உயர்தர மாணவருக்கு இதைவிட நல்ல ஒப்படை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மருமகளின் கட்டுரையில் தொடங்கிய ஆண்டுக்குரிய இடம் வெறுமையாகவே இருந்தது. அதன் கீழே அம்மம்மாவோடு படித்த பதினொரு பேரை வரிசையாக எழுதியிருந்தாள். கொப்பியைக் கொடுத்துவிட்டு அவள் வீடு திரும்ப, படலையடியில் காத்து நின்ற தாயார், "பிள்ளை, இன்னும் ரெண்டு பேர் இருக்கினம்" என்றார்.