வளைவுக்குப் பின்னால்



ஏற்காடு சாலையில் போகும்போது அந்த வளைவைப் பார்த்திருப்பீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸ். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய சினிமா நிறுவனம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள்! மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’, 1938-இல் இவர்கள் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1956-இல் இவர்கள் தந்தது. இன்று வளைவு மட்டும் நிற்கிறது. ஸ்டுடியோ போய்விட்டது.

போன ஸ்டுடியோவுக்குள் நம்மை நடக்கவைக்க இன்று ஒரு கருவி இருக்கிறது. வி.ஆர். கண்ணாடி. மாட்டிக்கொண்டு தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்பும். ஏ.ஆர். ரஹ்மான் ‘லே மஸ்க்’ என்ற படத்தையே இப்படி எடுத்து, 2022-இல் கான் நகரில் காட்டினார். நறுமணமும் சேர்ந்து வரும் படம் அது. கலைக்கு இது புது மேடை. ஆய்வுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்த ஸ்டுடியோவில் லைட் பிடித்த ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். “ஐயா, ஃப்ளோர் எப்படி இருந்தது?” என்று கேட்டால், “பெருசா இருக்கும் தம்பி” என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும். பழைய படங்களின் காட்சிகளையும் நிழற்படங்களையும் வைத்து அந்தத் தளத்தைக் கணினியில் எழுப்பி, கண்ணாடியை அவருக்கு மாட்டிவிடுங்கள். கை தானாக உயரும். “கதவு இங்க இல்ல தம்பி, அந்தப் பக்கம். லைட்டு மேல இருந்து வரும்” என்பார். ஆயிரம் கேள்வி கேட்டாலும் வராத தகவல் அது! ஆராய்ச்சி மாணவர் பேனாவைத் திறக்க வேண்டிய இடம் அதுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். எது ஆதாரம், எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். பழையதைக் கணினியில் காட்சியாக எழுப்புவோருக்கு நெறி சொல்ல 2006-இல் உருவான லண்டன் சாசனம் கேட்பதும் இந்த நேர்மையைத்தான். நிழற்படத்தில் கண்ட சுவரை அழுத்தமாக வரையுங்கள். நாமாக நினைத்துக்கொண்ட சுவரை மங்கலாக விடுங்கள். அழகுக்காக ஒரு தூணைக்கூடச் சேர்க்காதீர்கள். நாளைக்கு அதுவே வரலாறாகிவிடும்.

கல்லூரித் தம்பி தங்கைகளே, கண்ணாடியை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்த தச்சர், தையல்காரர், லைட்மேன் எல்லோருக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் வீட்டுப் பரண் மேல் தகரப்பெட்டியில் நிழற்படங்கள் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கதவைத் தட்டுங்கள்.